அப்பா தொடாத ரொட்டி

மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கள் வரும். போடியில் ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் முழங்கால்படியிட்டு ஜெபம் பண்ணுகிற வேதக்கார வீட்டில் கள்ளுக்கு என்ன வேலை என்று இதைக் கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வேலை இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் இராப்போஜனம், இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற ஆராதனை. அதற்கு முந்தின நாள் காலையில் தென்னை ஏறுகிற ஒருவர் புழக்கடை வழியாக வந்து, சின்னக் கலயத்தில் அன்று இறக்கிய கள்ளை வைத்துவிட்டுப் போவார். அம்மா அதை மாவில் ஊற்றிப் பிசைவாள். அந்த மாவு வெந்து ரொட்டியாகி, மறுநாள் ஆராதனையில் அப்பமாக ஐயர் கையில் இருக்கும். சபைப் போதகரை ஐயர் என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

மதுரையில் போர்டிங்கில் படித்த காலத்தில் அம்மா இரண்டு வேலைகள் கற்றுக்கொண்டு வந்தாள். ஒன்று தையல், இன்னொன்று ரொட்டி சுடுவது. தையலுக்குக் கையால் சுற்றுகிற மிஷின் ஒன்றைச் சீர்வரிசையோடு கொண்டுவந்துவிட்டாள். ரொட்டிக்குத்தான் சிக்கல். மாவு பொங்குவதற்கு ஈஸ்ட் என்று ஒன்று வேண்டும், அது போடி கடைத்தெருவில் எங்கே கிடைக்கும்? அக்கா நடை பழகுகிற சமயத்தில், பக்கத்து வீட்டில் குமுளியிலிருந்து வந்து குடியிருந்த மலையாளத்துச் சேச்சி கள் ஊற்றி ஆப்பம் சுடுவதை அம்மா ஒருநாள் பார்த்திருக்கிறாள். தானும் ரொட்டி மாவில் ஊற்றிப் பார்த்தாள். பஞ்சு மாதிரி வந்துவிட்டது. அதிலிருந்து அம்மா வேறு எதையும் தேடவில்லை.

ரொட்டி அடுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. அகலமான இரும்புச் சட்டியில் ஆற்று மணலைக் கொட்டி விறகடுப்பில் ஏற்றுவாள். மணல் சுட்டதும் அதன்மேல் மாவுத் தகரத்தை வைத்து, இரும்புத் தட்டால் மூடி, தட்டின் மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலைப் பரப்புவாள். கிறிஸ்துமஸ் கேக்கும் இதே கள்ளில், இதே சட்டியில்தான். ரொட்டி வெந்து இறங்கும்போது வருகிற வாசனைக்குத் தெருநாய்கூட வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். ஓரத்துக் கருகலை அரிவாள்மணையில் சீவி எடுத்து எனக்கும் அக்காவுக்கும் கொடுப்பாள். நடுப்பகுதி கர்த்தருடையது, அதைத் தொடக்கூடாது.

கள் விஷயம் ஐயருக்குத் தெரியுமா என்றால், தெரியாது. அம்மா மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சபைக்கு இருந்த கவலையெல்லாம் கிண்ணத்தைப் பற்றியது. போதை தருகிற எதுவும் திராட்சரசத்தில் இருக்கக்கூடாது என்று, ஐயர் வீட்டிலேயே உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டிக் கொண்டுவருவார்கள். அப்பம் எப்படிப் பொங்குகிறது என்று ஆண்கள் யாருக்கும் யோசனை போகவில்லை. ஒருமுறை அக்கா கேட்டதற்கு, "தீயில வெந்த பெறகு கள்ளு எங்கன இருக்கும்? ஆவியாப் போயிரும்" என்று அம்மா முடித்துவிட்டாள்.

அந்த ரொட்டியால் அம்மாவுக்கு ஊரில் ஒரு இடம் இருந்தது. மற்ற நாளெல்லாம் அவள் ஜவுளிக்கடைக்காரர் சம்சாரம். முதல் ஞாயிறன்று அவள் அப்பம் சுடுகிற அம்மா. வெள்ளைச் சேலை உடுத்தி, தானே ஓரம் தைத்த வெள்ளைத் துணியால் கூடையை மூடி, முதல் மணி அடிக்கும் முன்னே கோயிலுக்கு நடப்பாள். அன்றைக்கு மட்டும் அவள் நடையே வேறு. நான் பின்னால் போவேன். எனக்கும் கொஞ்சம் திமிர் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இப்படி ஊரே மெச்சிய ரொட்டியை அப்பா மட்டும் தொட மாட்டார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். கேக்கும் அப்படித்தான். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பூசணி, கோழி, வாழைத்தாரையெல்லாம் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். அம்மா ஒரு கேக் கொடுப்பாள். வருஷா வருஷம் அதை அப்பாதான் போட்டிபோட்டு ஏலத்தில் எடுப்பார். எடுத்து, அங்கேயே அறுத்து, சுற்றி நிற்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். "ஊரே சப்புக்கொட்டித் திங்குது, கட்டுன புருஷன் வாயில வைக்க மாட்டேங்கிறாக" என்று அம்மா சேச்சியிடம் சொல்லி மாய்ந்துபோவாள். சேச்சி அவள் முதுகைத் தட்டிக்கொடுப்பாள்.

ரொட்டியோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்பா இராப்போஜனப் பந்திக்கும் போவதில்லை. ஆண்கள் முதலில் எழுந்துபோய்ப் பீடத்தண்டை வரிசையாக முழங்கால்படியிடுவார்கள், பிறகு பெண்கள். அப்பா மட்டும் பெஞ்சில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். பந்திக்கு வராதவன் மனசில் ஏதோ பாவம் இருக்கிறது என்பது எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அப்பா விஷயத்தில் என்ன பாவம் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவர் ஒரு காலத்தில் குடித்தவர்.

அந்தக் கதையை அம்மாவே எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அப்பா கள்ளுக்கடையிலிருந்து நேரே கோயிலுக்கு வந்து நின்றிருக்கிறார். கால் நிற்கவில்லை. அப்போதிருந்த ஐயர் பிள்ளையை அவர் கையில் தராமல் அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் போதை தெளிந்து அப்பா அழுதபோது, ஆண்டவருக்குப் பொருத்தனை பண்ணச் சொன்னாள் அம்மா. இனிக் குடிப்பதில்லை என்று அப்பா சொல்ல, அது போதாது என்று மறித்திருக்கிறாள். "குடிக்கல, மருந்துக்குத்தான் தொட்டேன்னு நாளைக்கு வந்து நிப்பீக. கள்ளு எந்த ரூபத்துலயும் என் வாயில படாதுன்னு சொல்லுங்க." அப்பா அந்த வார்த்தைகளை அப்படியே சொல்லிப் பொருத்தனை பண்ணினார். இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வக்கீல் தோற்றான்.

ஆனால் பிற்பாடு அவர் பந்திக்கு வராமல் போனதும் அந்தப் பெருமையில் மண் விழுந்தது. அப்பா மாதம் இரண்டு தடவை துணிமூட்டையோடு மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குப் போய்வருவார். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் ஏலக்காய் மணக்கும். தோட்டத்துக்குப் போனால் மணக்கத்தானே செய்யும்? ஆனால் வாய் நாற்றம் தெரியாமலிருக்கக் குடிகாரர்கள் ஏலக்காய் மெல்லுவார்கள் என்று சபையில் ஒரு அம்மாள் சாடையாகச் சொல்லிவிட்டாள். அது அம்மாவின் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. சலவைக்குப் போடும் முன்னால் அப்பாவின் சட்டையை அவள் முகத்தில் வைத்து மோந்து பார்ப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் தொட்டியில் போடுவாள்.

இப்போது நான் வரிசையாகச் சொல்லும்போது சின்னப் பிள்ளைக்குக்கூட விஷயம் பிடிபட்டுவிடும். அந்த வீட்டுக்குள் இருந்த எங்களுக்குப் பிடிபடவில்லை. ரொட்டி தின்னாதது வயிற்றுக் கோளாறு, பந்திக்கு வராதது ஆத்துமக் கோளாறு. இரண்டையும் யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு மாப்பிள்ளை தேவதானப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குரல், கீர்த்தனை பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்று சும்மா சொன்னால் போதாது. பெண்பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து அவள் சோற்றில் உப்புப் போட்டோமா இல்லையா என்றே தெரியாமல் திரிந்தாள். அம்மா வெள்ளைக் கல்யாணச் சேலைக்கு லேஸ் வைத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். பொழுதுக்கும் மிஷின் சத்தம்தான். இனி ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஐயர் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் ஆராதனையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார். அதுதான் ஓலை.

ஓலைக்கு நாள் பேச மாப்பிள்ளையின் தகப்பனார் பஸ் ஏறி வந்தார். அவர் ஊர்ச் சபையில் மூப்பர், நெட்டையான மனிதர், சிரிப்பதென்றால் காசு கேட்பார். வந்த அன்று முதல் ஞாயிறு. எங்களோடு ஆராதனைக்கு வந்து, ஆண்கள் பந்தி எழுந்தபோது தானும் எழுந்து, அப்பா எழுந்திருக்காததைப் பார்த்துக்கொண்டே பீடத்துக்குப் போனார். அன்றைக்கு வீட்டில் விருந்துச் சாப்பாடு. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"உங்களப் பத்தி நாலு பேரு நாலு விதமாச் சொன்னாக. நான் காதுல போட்டுக்கிறல. இன்னைக்குக் கண்ணால பாத்துட்டேன். குடிகாரர் வீட்டுல நாங்க பொண்ணு எடுக்கிறதில்ல. அப்படி இல்லைன்னா அடுத்த மாசம் மொத ஞாயிறு பந்தியில வந்து முழங்கால் போடுங்க. நான் வாரேன். உங்கள அங்கன பாத்தேன்னா அதுக்கடுத்த வாரமே ஓலை வாசிச்சிரலாம்."

அப்பா, "சரிங்க" என்றார். நான் குடிப்பதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

அந்த மாதம் முழுக்க வீடு வீடாக இல்லை. மிஷின் மூடியே கிடந்தது, லேஸ் பாதியில் தொங்கியது. அக்கா புழக்கடையில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். அம்மா அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், அவ்வளவுதான். குடும்ப ஜெபத்தில் அப்பா ஜெபித்தால் அம்மா ஆமென் சொல்ல மாட்டாள். நான்தான் வாயை அடக்கத் தெரியாதவள். "பந்திக்குப் போனா என்னப்பா? அக்காவுக்காகப் போகக்கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அப்பா என் தலையில் கையை வைத்து, "போறேன் ஆத்தா" என்றார்.

சனிக்கிழமை வந்தது. கள்ளும் வந்தது. அம்மா பிசைந்து வைத்த மாவு மத்தியானத்துக்குள் பொங்கித் துணியைத் தூக்கிவிட்டது. நான் சிரட்டைத் தணலை விசிறிக்கொண்டிருந்தேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்த அப்பா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அடுப்படிக்கு வருகிற ஆளே இல்லை.

"நாளைக்கு நான் பந்திக்கு வாரேன்" என்றார்.

அம்மா நிமிரவில்லை. "குடிச்ச வாயோட அந்த அப்பத்தத் தொட வேணாம். எம் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகாட்டியும் சரி. உங்க ஆத்துமாவுக்கு ஆக்கினை தேடித்தர நான் சம்மதிக்க மாட்டேன்."

"நான் குடிக்கல" என்றார் அப்பா. "அன்னைக்குப் பொருத்தனை பண்ணதுலருந்து ஒரு சொட்டு பட்டதில்ல. நாளைக்குத்தான் மொத மொத படப்போகுது."

"என்ன படப்போகுது?"

அப்பா மூலையிலிருந்த கலயத்தைக் காட்டினார்.

அம்மா கலயத்தைப் பார்த்தாள். பொங்கி நிற்கிற மாவைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அக்கா முறத்தோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"வெந்த மாவுல கள்ளு எங்கன இருக்கும்?" என்றாள் அம்மா.

"எனக்கென்ன தெரியும். நீ ஊத்துறத ஒருநா பொழக்கடையிலருந்து பாத்தேன். எந்த ரூபத்துலயும்னு நீதான சொல்லச் சொன்ன. ஆண்டவர்கிட்ட சொன்னத நான் எப்படி மாத்துறது? பிள்ளைக்காகன்னு இப்ப மாத்துறேன். அவரு மன்னிப்பாரோ என்னமோ."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? எத்தன வருசம்?"

"சொன்னா நீ சுடுறத விட்டுருவ. அந்தக் கூடையத் தூக்கிக்கிட்டு நீ கோயிலுக்குப் போறத நான் வாசல்லருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அத நிப்பாட்ட எனக்கு மனசு வரல."

அம்மாவுக்குக் கோபம் வந்தது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் எப்படியிருக்கும் என்று அன்று பார்த்தேன். "உங்களச் சபையே குடிகாரர்னு பேசுச்சு. நானும் நெனச்சேன். நானும் நெனச்சேங்க. உங்க சட்டைய மோந்து மோந்து பாத்தேன்."

"தெரியும்" என்றார் அப்பா.

அதைக் கேட்டதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் விசிறியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஏலக்காய் மணந்தது.

பிறகு அம்மா எழுந்தாள். பொங்கிய மாவைச் சட்டியோடு தூக்கி அக்கா கையில் கொடுத்து, "சேச்சி வீட்டுல குடுத்துட்டு வா, ஆப்பமோ என்னமோ சுட்டுக்கிரட்டும்" என்றாள். பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். புதிதாக மாவெடுத்து, உப்பும் தண்ணீரும் மட்டும் விட்டுப் பிசைந்தாள். "புளிப்பில்லாத அப்பம் வேதத்துலயே இருக்கு. யாரு என்ன சொல்றாகன்னு பாப்போம்" என்று மாவை ஓங்கிக் குத்தினாள். அப்பா கடைக்குத் திரும்பிப் போகவில்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சிரட்டை உடைத்துப் போட்டார். ரொட்டி உப்பவில்லை. போட்ட உயரத்திலேயே வெந்து, கூரை ஓடு மாதிரி இறங்கியது. ஓரம் எது நடு எது என்று தெரியவில்லை, அன்று எங்களுக்குக் கருகல் கிடைக்கவில்லை.

மறுநாள் ஆராதனைக்கு முன்னாலேயே அம்மா கூடையோடு ஐயரின் சிற்றறைக்குப் போனாள். "போன மாசம் வரைக்கும் கள்ளு ஊத்தித்தான் சுட்டேன் ஐயா. எங்க வீட்டுக்காரவுக பந்திக்கு வராதது அதுக்காகத்தான். இனிமே ஊத்த மாட்டேன். நான் சுடக்கூடாதுன்னாலும் சொல்லிருங்க" என்று நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். ஐயர் கூடைத் துணியை விலக்கிப் பார்த்தார். மதுவிலக்கைப் பற்றி மாதம் ஒரு பிரசங்கம் பண்ணுகிறவர் அவர். கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்களே சுடுங்க. ஆனா இத வேற யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

அப்பத்தைப் பிட்கிற நேரம் வந்தது. ஐயர் பிட்டுப் பார்த்தார், வரவில்லை. இன்னொரு தரம் அழுத்தினார். டொக்கென்று சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. அம்மா தலையைக் குனியவில்லை.

ஆண்கள் பந்தி எழுந்தது. அப்பாவும் எழுந்தார். பெஞ்சு கிறீச்சிட்டதும் சபையே திரும்பிப் பார்த்தது. நடந்துபோய் மாப்பிள்ளையின் தகப்பனாருக்குப் பக்கத்திலேயே முழங்கால்படியிட்டார். ஐயர் தட்டோடு அவர் முன்னால் வந்து ஒரு கணம் நின்று, துண்டை உள்ளங்கையில் வைத்தார். அப்பா வாயில் போட்டு மென்றார். மற்றவர்கள் எழுந்துபோன பிறகும் மென்றுகொண்டிருந்தார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் தாடை அசைந்துகொண்டிருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அக்கா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் தகப்பனார் நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டே ஐயரிடம், "வர்ற ஞாயிறு ஓலை வாசிச்சிருங்க" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அப்பம் கொஞ்சம் கெட்டிதான்" என்றார். "ஆமாங்க, இனிமே அப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து இலை போட்டோம். அம்மா சோற்றை வைக்கப் போனபோது அப்பா இலைமேல் கையை மறித்து, "அந்த ரொட்டி மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். அம்மா எடுத்துவந்து வைத்தாள். அவர் அதை உடைத்துக் குழம்பில் ஊறவைத்து ஊறவைத்துத் தின்றார். சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சுட்டதுலயே மோசமான ரொட்டி இதுதாங்க. பஞ்சு பஞ்சாச் சுட்டப்பல்லாம் ஒரு வாய் திங்கலயே நீங்க."

"எனக்கென்ன தெரியும்" என்றார் அப்பா. "நீ சுட்டு நான் தின்ன மொத ரொட்டி இதுதான்." சொல்லிவிட்டு இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.